200 அடிக்குள் வந்த கடிதம்

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் பழைய ஆபீஸ் கட்டட இடத்தை அபார்ட்மென்ட் கட்டத் தோதாக மாற்றப்போவதாக டவுன்ஷிப்பிலிருந்து (ஊர் நிர்வாகம்) கடிதம் வந்திருக்கிறது. ஒரு பகுதி வீடுகள் குறைந்த வருமானக்காரர்களுக்காம். வீட்டு விலை விழும், திருட்டு பெருகும், எல்லோரும் டவுன்ஷிப் கூட்டத்துக்குப் போய் எதிர்க்க வேண்டும் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. நானும் போய்ப் பேசவா?
- ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அவசியம் போங்கள் தங்கச்சி. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்ததை ஒப்பிக்கப் போகாதீர்கள்.

அந்த இடத்திலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பதால் உங்களுக்குக் கடிதம் வந்தது. அங்கே குடிவரப் போகிறவர்களுக்கு அப்படி எதுவும் வராது. நான் போன கூட்டங்களில் மைக் முன்னால் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்காரர்கள்தான். ஒருமுறை மட்டும், மருத்துவமனை அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே ஒரு நர்சிங் உதவியாளர் வந்தார். “உங்கள் ஊரில்தான் வேலை பார்க்கிறேன். வாடகை கட்டுப்படியாகாததால் ரெண்டு பஸ் மாறி வருகிறேன்” என்றார். அவர் பேசியது அவ்வளவுதான். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

உங்கள் மாநிலத்திலேயே மவுண்ட் லாரல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கருப்பினக் குடும்பங்களில் சில, கோழிக் கொட்டகையை மாற்றிக் கட்டிய இடங்களில் குடியிருந்தன. 36 வீடுகள் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். 1970-இல் மேயர் அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்து, இங்கே வாழ வசதியில்லை என்றால் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்றார். எதெல் லாரன்ஸ் என்ற பெண்மணியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். எளியவர்களுக்கான வீடுகளில் தன் பங்கை வளர்ந்துவரும் ஒவ்வோர் ஊரும் ஏற்க வேண்டும் என்று 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் இழுபறிதான். எதெல் 1994-இல் காலமானார். அவர் பெயர் தாங்கிய 140 வீடுகளில் முதல் குடும்பங்கள் குடியேறியது 2000-இல்தான். இந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த ஊர்க் கூட்டங்களிலும் உங்கள் தெருவின் பயங்களையே பேசினார்கள். பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழக சமூகவியலாளர் டக்ளஸ் மாசியின் குழு, பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. அந்த வீடுகளால் குற்றம் கூடவில்லை, வீட்டு விலை விழவில்லை, வரியும் ஏறவில்லை. குடிவந்தவர்களின் வாழ்க்கை மேம்பட்டது.

இன்னொன்று. 2024-இல் வந்த சட்டப்படி ஒவ்வோர் ஊரும் எளியவர்களுக்கான வீடுகளில் 2025 முதல் 2035 வரை தான் ஏற்க வேண்டிய பங்குக்குத் திட்டம் தர வேண்டும். அதைத் தட்டிக்கழித்தால் பில்டர் கோர்ட்டுக்குப் போய்த் தனக்கு வேண்டியபடி கட்ட அனுமதி வாங்கலாம். அப்போது டவுன்ஷிப் பேச்சும் எடுபடாது, உங்கள் பேச்சும் எடுபடாது.

அதனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? பஸ் நிறுத்தம் வரை நடைபாதை போடுவார்களா? மூன்று படுக்கையறை வீடுகள் எத்தனை? குறைந்த வாடகை வீடுகளைக் குப்பைத்தொட்டிப் பக்கம் ஒதுக்காமல் மற்ற வீடுகளோடு கலந்து கட்டுவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், வேறு யாரும் கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் மூன்று நிமிடம்தான் தருவார்கள். எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வரைபடத்தை டவுன்ஷிப் கிளார்க்கிடம் முன்கூட்டியே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.