வழிபாட்டுத் தலத்திலிருந்து மருத்துவமனை வரை: சமூக நலச் செவிலியர் பதில்கள்

கேள்வி: சிஸ்டர், எங்கள் வழிபாட்டுத் தலத்தில் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் வைக்கிறோம். நல்ல கூட்டம். ஆனால் பிரஷர், சுகர் இருப்பது தெரிந்தவர்கள் அதன்பிறகு மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. என்ன செய்வது?

முகாமுக்கு மறுநாளிலிருந்து யார் வேலை செய்யப்போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிரஷர் அதிகம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வலிக்காத நோய்க்கு அவசரம் தெரியாது.

தேதி குறிக்கும் முன்பே பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய், "நாங்கள் அனுப்புபவர்களை எந்தக் கிழமை, யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். ஒரு பெயரும் ஒரு எண்ணும் இல்லாமல் திரும்பாதீர்கள். உங்கள் பக்கமும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இரண்டு வாரம் கழித்து அவர் ஒவ்வொருவரையும் அழைத்து, "போனீர்களா?" என்று விசாரிக்கட்டும். போகாதவருக்குக் காரணம் இருக்கும்: துணைக்கு ஆள் இல்லை, வேலையை விட முடியவில்லை, முன்பு அங்கே யாரோ எரிந்து விழுந்திருக்கிறார்கள். மருந்து கொடுப்பது மருத்துவமனையின் வேலை. கூட ஒருவர் போய் உட்காருவது உங்களால் முடியும். என் அனுபவத்தில் அதுதான் பாதிப் பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

அளக்கும்போதும் கவனம் வேண்டும். 5 நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, இரண்டு முறை பாருங்கள். ஒருதரம் 140/90 காட்டியதும் "உங்களுக்கு பிரஷர்" என்று முத்திரை குத்திவிடாதீர்கள். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: நான் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மதத் தலைவர்களை எப்படி அணுகுவது?

கையில் நோட்டீஸ் கட்டோடு போகாதீர்கள். முதல் சந்திப்பில் அவர்கள் பேசட்டும்.

2003-ல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோ சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது. அதில் கருத்தடைப் பொருள் கலந்திருக்கிறது என்று மதத் தலைவர்கள் பலர் சந்தேகித்தார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவிலிருந்து மருந்து தருவித்த பிறகே, 2004-ல் அது மீண்டும் தொடங்கியது. அதற்குள் போலியோ மற்ற நாடுகளுக்கும் பரவிவிட்டது. பிள்ளைகள் கொடுத்த விலை அது. சந்தேகம் முளைக்கும் முன்பே உறவு இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் தான்சானியாவில் கிடைத்தது. ஆண்களுக்கான விருத்தசேதனம் (ஆணுறுப்பின் முன்தோலை நீக்குவது) எச்.ஐ.வி தொற்று வாய்ப்பைக் குறைக்கும் என்பதைக் கிறிஸ்தவச் சபைத் தலைவர்களுக்கு விளக்கினார்கள். அந்தக் கிராமங்களில் 52.8 சதவீத ஆண்கள் செய்துகொண்டார்கள். விளக்காத கிராமங்களில் 29.5. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. பாடம் எடுத்தவர்கள் ஒரு போதகரும் ஒரு மருத்துவப் பணியாளரும், சேர்ந்து. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த 'சேர்ந்து' என்பதைத்தான்.

கேள்வி: பிரார்த்தனை போதும் என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே?

நீங்கள் வாதாடினால் தோற்பீர்கள். அவர் மதிக்கும் குருவின் வாயிலிருந்து வரட்டும். எத்தியோப்பியாவில் புனித நீரை நம்பி எச்.ஐ.வி மருந்தை விட்டவர்கள் இருந்தார்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர் அபூனே பவுலோஸ், இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். நம்பிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை என்பதால் அந்தச் சொல்லுக்கு வலு இருந்தது.

கேள்வி: சுகர் உள்ளவர்கள் விரதம் இருக்கலாமா?

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். 70-க்குக் கீழே போனால் விரதத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும். இதை மேடையிலிருந்து குருவே சொன்னால் குற்ற உணர்ச்சி இருக்காது.

கேள்வி: நோயாளிகளின் பெயர் சொல்லிக் கூட்டுப் பிரார்த்தனை செய்கிறோம். தவறா?

அவரிடம் கேட்டீர்களா? கேட்காமல் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். ஒருமுறை வெளியே போனால், அடுத்தவர் உங்களிடம் வாயே திறக்கமாட்டார்.

கேள்வி: ஒருவர் "வாழவே பிடிக்கவில்லை" என்று எங்களிடம் வந்து அழுதால்?

"தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். பாவம், புண்ணியம் பேச அது நேரமில்லை. அன்றே மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள்.