ஆர் (R) நிரல்மொழியில் முதல் பேக்கேஜை எப்படித் தொடங்குவது?

கரும்புத் தோட்டக் கணக்குக்கு எழுதிய ஃபங்ஷன்களை ஒவ்வொரு கோப்பிலும் ஒட்டி அலுத்துவிட்டது, எங்கும் அழைத்துக்கொள்ளும் தொகுப்பாக, அதாவது பேக்கேஜாக, ஆக்கலாமா என்று ரோஸ் ஹில்லிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஒரே ஒரு ஃபங்ஷன் இருந்தாலே போதும்.

நம் மொரீஷியஸ் நில அளவான ஆர்பானை ஹெக்டேராக்கும் ஃபங்ஷனையே எடுங்கள் (ஒரு ஆர்பான் 0.4221 ஹெக்டேர்). யூஸ்திஸ் (usethis) என்ற பேக்கேஜை நிறுவி, அதிலுள்ள கிரியேட் பேக்கேஜ் (create_package) கட்டளையை ஓட்டினால் கோப்புறை தயார். அதற்குள் 'ஆர்' என்ற உள்கோப்புறையில் உங்கள் ஃபங்ஷனை வையுங்கள். டிஸ்கிரிப்ஷன் கோப்பில் பெயர், பதிப்பு எண், உரிமம். பெயரில் அடிக்கோடு வரக்கூடாது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபங்ஷனுக்குள் வேறு பேக்கேஜை ஏற்றும் லைப்ரரி கட்டளையை எழுதவே எழுதாதீர்கள். பயன்படுத்துபவரின் சூழலையே அது மாற்றிவிடும். வேண்டிய பேக்கேஜை டிஸ்கிரிப்ஷனில் 'இம்போர்ட்ஸ்' என்பதன் கீழ் சேர்த்துவிட்டு, அதன் பெயர், இரண்டு முக்காற்புள்ளி, ஃபங்ஷன் பெயர் என்று அழையுங்கள்.

உதவிக் குறிப்பை ஃபங்ஷனுக்கு மேலேயே #' என்று தொடங்கும் ராக்ஸிஜன் வரிகளாக எழுதுங்கள். அங்கே 'எக்ஸ்போர்ட்' குறியை மறந்தால் ஃபங்ஷன் வெளியே தெரியாது. பிறகு டெவ்டூல்ஸ் (devtools) என்ற பேக்கேஜின் டாக்குமென்ட் கட்டளை உதவிப் பக்கத்தையும், வெளியே தெரியும் ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் நேம்ஸ்பேஸ் கோப்பையும் தானே எழுதும். பேக்கேஜில் பிழை உண்டா என்று பார்க்கும் செக் கட்டளையைக் கடைசிவரை தள்ளிப்போடாமல் முதல் நாளே ஓட்டிவிடுங்கள்; பிழைகள் ஒன்றிரண்டாக இருக்கும்போதே திருத்திவிடலாம்.