திரும்பத் திரும்பப் பொய் சொன்ன ஒருவர் மன்னிப்புக் கேட்ட பிறகும் ஏன் நம்பிக்கை திரும்புவதில்லை?

மனம் திருந்தி மன்னிப்புக் கேட்டவரைக்கூட ஏன் நம்ப முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பழி வாங்குவதற்காக யாரும் அப்படி இருப்பதில்லை என்பது என் எண்ணம். பல சமயம் கோபம்கூட மிச்சமிருக்காது. அவர் பேச்சை நம்புவது நமக்குக் கூடுதல் வேலையாகிவிட்டது, அவ்வளவுதான்.

சாதாரணமாக நாம் யார் சொல்வதையும் ஆராய்வதில்லை. “சாவியை மேசை மேல் வைத்திருக்கிறேன்” என்றால் நேரே போய் எடுத்துக்கொள்கிறோம். இந்த வசதி இல்லாமல் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டெபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தத் துறையின் ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எது பொய், எது உண்மை என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும்.

அதனால் பொய் பெரும்பாலும் சொல்லும்போது பிடிபடுவதில்லை. பிறகொரு நாள் ஒரு ரசீதிலோ, மூன்றாம் ஆள் பேச்சுவாக்கில் உளறிவிடுவதிலோ வெளியே வரும். அப்போது நாம் அந்த ஒரு பொய்யோடு நிற்பதில்லை. போன மாதம் உடம்பு சரியில்லை என்றாரே, அது? அதற்கு முன்னால் பணம் திருட்டுப் போனதாகச் சொன்னது? பழையதையெல்லாம் கிளறுவோம். அவற்றில் பல உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் எது உண்மை என்று பிரித்துப் பார்க்க வழியில்லாததால் எல்லாம் சேர்ந்தே கெட்டுப்போகின்றன.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், நல்ல திறமைசாலி. “அனுப்பிவிட்டேன்” என்பார், அந்தக் கோப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். “பாதி முடிந்துவிட்டது” என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். யாரும் அவரைக் கூப்பிட்டு வைத்துக் கண்டிக்கவில்லை. சத்தமில்லாமல் சில ஏற்பாடுகள் நடந்தன. அவருக்கு மட்டும் கெடு தேதியை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லத் தொடங்கினார்கள். வாயால் சொன்னதை எழுத்திலும் கேட்டு வாங்கினார்கள். “சரிபார்த்துவிட்டேன்” என்று அவர் சொன்னால், பக்கத்து இருக்கைக்காரர் இன்னொரு முறை சரிபார்ப்பார். முக்கியமான வேலைகள் அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போயின. அவருக்கோ இது எதுவும் தெரியாது. தன்னை ஏனோ ஒதுக்குகிறார்கள், இங்கே அரசியல் அதிகம் என்று புலம்பிக்கொண்டிருந்தார். பொய் சொல்பவரை யாரும் நம்பவில்லை என்ற செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்து, அவருக்குத்தான் கடைசியில் போய்ச் சேர்கிறது.

இத்தனைக்கும் அவர் சொன்னது ஒன்றுகூடப் பெரிய பொய் இல்லை. என்னைக் கேட்டால் சில்லறைப் பொய்கள்தான் அதிகம் கெடுக்கும். வேலை போய்விடும் என்று பயந்து ஒருவர் பொய் சொன்னால் அந்த நெருக்கடியாவது புரிகிறது. எந்தத் தேவையும் இல்லாமல் ஒருவர் பொய் சொன்னால், எப்போது சொல்வார், எப்போது சொல்ல மாட்டார் என்று ஊகிக்கவே முடியாது.

சொல்பவருக்கு ஏன் உறைப்பதில்லை என்பதற்கும் ஓரளவு விளக்கம் இருக்கிறது. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தன் லாபத்துக்காகத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னவர்களின் மூளையில், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் எதிர்வினை போகப்போகக் குறைந்தது. பொய்யின் அளவோ கூடிக்கொண்டே போனது. சொல்பவருக்கு மரத்துப்போகிறது, கேட்பவருக்குக் கூர்மையாகிறது. இருவரும் ஒரே பேச்சைக் கேட்பதே இல்லை.

இனி மன்னிப்பு. மாரிஸ் ஷ்வைட்சர் என்ற ஆய்வாளர் உள்ளிட்ட மூவர் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. ஆட்களைப் பணம் வைத்து ஒரு விளையாட்டு ஆடவிட்டுப் பார்த்தார்கள். கூட்டாளி நம்பிக்கையைக் கெடுக்கும்படி நடந்துகொண்டாலும், பிறகு தொடர்ந்து ஒழுங்காக நடந்தால் நம்பிக்கை திரும்பியது. அதே நடத்தையோடு பொய்யும் சேர்ந்திருந்தால் முழுமையாகத் திரும்பவே இல்லை. மன்னிப்பும் வாக்குறுதியும் நன்னடத்தையும் சேர்ந்தும் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மன்னிப்பும் வாய்ச்சொல்தானே. அவர் வாய்ச்சொல்லைத்தான் நாம் நம்புவதை விட்டுவிட்டோம்.

முழுமையாகத் திரும்பாது என்பதால் ஒன்றுமே திரும்பாது என்று சொல்லிவிட மாட்டேன். ஓரளவு மீண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: தங்களுக்குப் பாதகமான செய்தியை, யாரும் கேட்பதற்கு முன்பே, தாங்களே வந்து சொன்னார்கள். “இன்னும் ஆரம்பிக்கவில்லை, நாளைக்கும் முடியாது.” சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்தே ஒருவர் சொல்வதைச் சந்தேகிக்கக் காரணமில்லை. அதோடு, நாம் சரிபார்த்தால் அவர்கள் முகம் சுளிக்கவில்லை. “இன்னும் என்னை நம்பவில்லையா?” என்ற கேள்வி வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், உழைக்காமல் கூலி கேட்கும் பேச்சு அது.

இன்னொன்று, திரும்புவதும் துண்டு துண்டாகத்தான் திரும்பும். வேலை விஷயத்தில் ஒருவரை நம்பத் தொடங்கிய பிறகும் பணத்தைக் கையில் கொடுக்கத் தயங்குவோம். நீங்கள் சொல்லும் நபரிடம் அப்படி உங்களுக்கு ஒரு தயக்கம் இருந்தால், அதற்காகக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. மன்னித்துவிட்டே சரிபார்க்கலாம்.