செனற்றருக்கு வன்னியில் யாராவது வோட்டுப் போட்டார்களா?

இல்லை, ஒருவரும் போடவில்லை. செனற் என்பது அந்நாள் இலங்கைப் பாராளுமன்றத்தின் மேல்சபை; செனற்றர் அதன் உறுப்பினர். வவுனியாச் சனம் 1947இல் சி. சுந்தரலிங்கத்துக்குப் புள்ளடி போட்டுக் கீழ்ச்சபைக்கு அனுப்பியது சரி. ஆனால் செனற் சபையின் 30 பேரில் 15 பேரைக் கீழ்ச்சபை எம்பிமார் தெரிவு செய்ய, மற்ற 15 பேரைப் பிரதமரின் சொற்படி, பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமித்தார். பதவி ஆறு வருடம். எங்கள் அம்மப்பா வெற்றிலையை மடித்தபடி சொல்வார்: "குளக்கட்டு உடைஞ்சால் எம்பியைத் தேடலாம், செனற்றரை எங்க தேடுறது?"

அதற்காக அது வெறும் அலங்காரக் கதிரை என்று நினைக்க வேண்டாம். நீதி அமைச்சர் செனற்றராகத்தான் இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். 1960இல் பிரதமரான சிறிமாவோ பாராளுமன்றத்தில் இருந்ததும் செனற்றராகத்தான்.

தமிழரில் மு. திருச்செல்வத்தைப் பாருங்கள். அரசின் மூத்த சட்ட அதிகாரியான சொலிசிற்றர் ஜெனரலாக இருந்தவர், தேர்தலில் வென்று வராமலே 1965இல் தமிழரசுக் கட்சி சார்பில் செனற்றராகி, பிரதமர் டட்லி சேனநாயக்காவின் அரசில் உள்ளூராட்சி அமைச்சரும் ஆனார். திருகோணமலைக் கோணேசர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் போட்ட குழுவை, அவரைக் கேட்காமலே டட்லி நிறுத்திவிட, 1968இல் பதவியை விட்டார். என்னைக் கேட்டால் அந்தச் சபையில் எங்கள் ஆட்களின் நிலை எவ்வளவு என்பதற்கு இதுவே போதும். 1971 ஒக்டோபரில் சபையையே கலைத்துவிட்டார்கள்.