போன்ல புத்தகம் படிக்க எந்த ஆப் நல்லது?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயசு, ஆண்ட்ராய்டு போன் வச்சிருக்காங்க. தமிழ் நூல்கள இலவசமா தர்ற ப்ராஜெக்ட் மதுரை தளத்துல இருந்து பிடிஎஃப் எறக்கி குடுத்தேன், எழுத்து பொடிசா இருக்கு, பெருசாக்குனா வரி ஸ்கிரீன தாண்டி ஓடுதுங்கறாங்க. அமேசானோட கிண்டில் ஆப் போடலாமா, வேற எதாவது இருக்கா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பிரச்சினை ஆப்ல இல்லங்க, ஃபைல்ல இருக்கு. பிடிஎஃப்ங்கறது அச்சடிச்ச பக்கம் மாதிரி, வரி எங்க முடியுதோ அங்கதான் முடியும். இபப் (EPUB)ங்கற மின்புத்தக ஃபைல்னா எழுத்த எவ்ளோ பெருசாக்குனாலும் வரி தானா மடங்கி ஸ்கிரீனுக்குள்ளயே நிக்கும், அதனால முதல்ல ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துக்கு போய் இபப்பா எறக்குங்க, அங்க சின்ன ஸ்கிரீனுக்கான 6 இன்ச் பிடிஎஃப்பும் தர்றாங்க, ஆனா இபப் தான் வசதி.

அதை திறக்க நான் சொல்றது ரீட்எரா (ReadEra)ங்கற ஆப். இலவசம், விளம்பரம் கெடையாது, அக்கவுண்ட் எதுவும் தொடங்க வேணாம், போன்ல இருக்கற ஃபைல அதுவே தேடி எடுத்து காட்டிடும், கண்ணு வலிச்சா தமிழ் குரல்ல வாசிச்சும் காட்டும் (போன்ல தமிழ் குரல் எறக்கி வச்சிருக்கணும்). வயசானவங்களுக்கு இது பெரிய விஷயம்ங்க, எங்க வீட்லயும் இப்படித்தான்.

கூகுள் ப்ளே புக்ஸ்ல நம்ம ஃபைல ஏத்திட்டா போன் மாத்துனாலும் விட்ட பக்கத்துலயே தொடரும். கிண்டில், புது தமிழ் நாவல் காசு குடுத்து வாங்கறவங்களுக்கு சரி, ஆனா அங்க வாங்குனத பெரும்பாலும் வேற ஆப்ல திறக்க முடியாது.

அம்மாவுக்கு ரீட்எரா போட்டு, எழுத்த பெருசா வச்சு, நீங்களே முதல் புத்தகத்த திறந்து குடுங்க.