இஸ்லாத்தை விமர்சித்தாலே அது இஸ்லாமோஃபோபியா ஆகிவிடுமா? எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

ஆகாது. ஆனால் "நான் மதத்தைத்தான் சொன்னேன், மனிதர்களைச் சொல்லவில்லை" என்ற வாதம் சில நேரம் உண்மை, சில நேரம் வெறும் போர்வை. எது எப்போது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதற்கு முதலில் இஸ்லாமோஃபோபியா (நேர் பொருளில், இஸ்லாம் மீதான அச்சம்) என்ற சொல்லுக்கு ஏன் ஆளுக்கொரு அர்த்தம் வந்தது என்று பார்த்துவிடலாம்.

இன்றைய பொருளில் இந்தச் சொல் பரவக் காரணமானது 1997-ல் பிரிட்டனில் இன சமத்துவத்துக்காக இயங்கும் ரன்னிமீட் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை. இஸ்லாத்தைப் பற்றிய பார்வைகளை "மூடிய பார்வை", "திறந்த பார்வை" என்று பிரித்து எட்டு ஜோடிகளாக அது அடுக்கியது. இஸ்லாம் எங்கும் ஒரே அச்சு, மாறவே மாறாது என்று நினைப்பது மூடிய பார்வை; உள்ளுக்குள் பல போக்குகள் உண்டு, அவை தமக்குள் சண்டையும் போடும் என்று பார்ப்பது திறந்த பார்வை. எட்டில் ஏழாவது ஜோடிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: இஸ்லாத்தின் மீதான வெறுப்பைக் காட்டி முஸ்லிம்களுக்கு இழைக்கும் பாகுபாட்டை நியாயப்படுத்துகிறீர்களா, இல்லையா? இதை முதலில் வைத்திருந்தால் பின்னால் வந்த சண்டையில் பாதி தவிர்ந்திருக்கும். பட்டியலின் பெரும்பகுதி மதத்தைப் பற்றிய கருத்துகளைத் தரம் பிரிப்பதிலேயே போய்விட்டதால், கருத்துக்கே தடை போடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

அதை நாகரிகமாகச் சொன்னவர்களில் ஒருவர் அரசியல் அறிஞர் ஃபிரெட் ஹாலிடே. இன்று தாக்கப்படுவது இஸ்லாம் என்ற நம்பிக்கை அல்ல, முஸ்லிம்கள் என்ற மனிதர்கள். ஆகவே பெயரும் முஸ்லிம் எதிர்ப்பு என்றுதான் இருக்க வேண்டும் என்று 1999-ல் எழுதினார். மதத்தைச் சுற்றி வேலி கட்டினால், சமூகத்துக்குள்ளேயே சீர்திருத்தம் கேட்பவர்களின் வாய்தான் முதலில் அடைபடும் என்பதும் அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானது.

அடுத்த சுற்று 2018-ல். பிரிட்டிஷ் முஸ்லிம்கள் பற்றிய அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு, "இனவாதத்தில் வேரூன்றியது, முஸ்லிம் அடையாளத்தை, அல்லது முஸ்லிம் அடையாளம் என்று கருதப்படுவதைக் குறிவைக்கும் ஒரு வகை இனவாதம்" என்ற பொருளில் ஒரு வரையறை தந்தது. லேபர் கட்சி ஏற்றுக்கொண்டது. அப்போதைய கன்சர்வேட்டிவ் அரசு 2019 மே மாதம் மறுத்துவிட்டது. "இஸ்லாம் ஒரு இனமே இல்லையே" என்ற எதிர்வாதம் உடனே வந்தது. மதம் மாறலாம், இனம் மாற முடியாது என்பதால் அது கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தாக்குபவர் அப்படி யோசித்துவிட்டுத் தாக்குவதில்லை. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சீக்கியர். கொன்றவன் பார்த்தது தலைப்பாகையையும் தாடியையும்தான். "கருதப்படுவதை" என்ற சொல் அந்த வரையறையில் இருப்பது இதற்காக.

இனவாதம் என்று சொல்வதில் பிடிவாதம் ஏன் என்பதற்கு ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. பிரிட்டனின் 1976 இன உறவுச் சட்டம் மதப் பாகுபாட்டைத் தொடவில்லை. சீக்கியர்கள் ஒரு இனக்குழு என்று 1983-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்ததால் அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. பல நாட்டு வம்சாவளியினரான முஸ்லிம்கள் வெளியே நின்றார்கள். வேலையில் மதப் பாகுபாட்டுக்குத் தடை வந்தது 2003-ல்தான்.

கோடு எங்கே என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை தெளிவான விடை 2006-ல் இங்கிலாந்து, வேல்ஸுக்கு வந்த மத வெறுப்புச் சட்டத்தில் இருக்கிறது. குற்றமாக வேண்டுமானால் பேச்சு மிரட்டலாக இருக்க வேண்டும். வெறுப்பைத் தூண்டும் நோக்கமும் இருக்க வேண்டும். குறி ஒரு மதத்தைச் சேர்ந்த மக்களாக இருக்க வேண்டும். மதத்தை விமர்சிப்பது, கேலி செய்வது, ஏன், திட்டுவது கூடக் குற்றமில்லை என்று தனிப் பிரிவே போட்டு எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் தண்டிக்காத எல்லாமே சரி என்று அர்த்தமில்லை. அன்றாடப் பேச்சுக்கு, அரசியல் அறிஞர் எரிக் பிளைக் 2011-ல் தந்த வரையறை கைக்கு அடக்கமானது: இஸ்லாத்தின் மீதோ முஸ்லிம்கள் மீதோ ஆள் பார்க்காமல், வேறுபாடு பார்க்காமல் காட்டும் எதிர்மறை மனப்பான்மை. "வேறுபாடு பார்க்காமல்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மதம் மாறினால் தண்டனை என்ற சட்டத்தை ஒருவர் கண்டிக்கிறார் என்று வையுங்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் "எனக்கும் அது பிடிக்கவில்லை" என்கிறார். "சரி, அப்போது நாம் ஒரே பக்கம்" என்றால் அது விமர்சனம். "நீங்களெல்லாம் வெளியே அப்படித்தான் சொல்வீர்கள்" என்றால் இனி அந்த மனிதர் என்ன சொன்னாலும் எடுபடாது. அங்கே வெறுப்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

பலரும் சொல்லும் இன்னொரு சோதனை, "முஸ்லிம்" இருக்கும் இடத்தில் வேறு மதப் பெயரைப் போட்டு வாக்கியத்தைப் படித்துப் பார்ப்பது. பாதி வேளைக்கு உதவும். இஸ்லாமே அரசின் சட்டமாக இருக்கும் நாட்டில் அந்தச் சட்டத்துக்கு உள்ளான ஒருவர் கொதித்துப் பேசுவதையும், முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாட்டில் ஓட்டுக்காக ஒருவர் அதையே பேசுவதையும் இந்தச் சோதனை ஒன்றாக்கிவிடும்.

விமர்சனமும் வெறுப்பும் வேறு வேறு என்பது ஆய்விலும் தெரிகிறது. ஜெர்மனியில் ரோலண்ட் இம்ஹோஃபும் யூலியா ரெக்கரும் 2012-ல் இரண்டையும் தனித்தனியாக அளக்கும் கேள்வித்தாளை உருவாக்கினார்கள். முஸ்லிம்கள் மீதான முன்முடிவில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களிடம் மற்ற வகைப் பாகுபாட்டு மனநிலையும் சேர்ந்து வந்தது. மதச்சார்பற்ற நிலையிலிருந்து வரும் விமர்சனத்தில் அந்தத் தொடர்பு இல்லை.

மனிதர்கள் மீதான பாகுபாட்டைக் காட்டும் ஆய்வுகளில் என் கணக்கில் முதலிடம் பிரான்ஸில் நடந்ததற்கு. அடிடா, லைடின், வால்ஃபோர் மூவரும் 2010-ல் வெளியிட்டது. வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல் கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள்; அவற்றில் படிப்பும் அனுபவமும் ஒரே அளவு. இரண்டு பெண்களும் செனகல் வம்சாவளி, இருவர் குடும்பப் பெயரும் தியூஃப். ஒருத்தி கதீஜா, மற்றவள் மரி. ஒருத்தி இஸ்லாமியத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவள், மற்றவள் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்தில். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது மரிக்கு 21 சதவீதம், கதீஜாவுக்கு 8 சதவீதம். நிறம், வம்சாவளி இரண்டும் சமம் என்பதால் வித்தியாசத்தை மதத்தின் மேல்தான் போட முடியும். கதீஜா எந்த வசனத்தையும் மேற்கோள் காட்டவில்லை, யாரிடமும் வாதாடவில்லை. "கொள்கையைத்தான் எதிர்க்கிறேன்" என்ற விளக்கம் இங்கே செல்லாது.

கருத்துக்கணிப்பு எண்களை இவ்வளவு நம்ப வேண்டாம். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் மதக் குழுக்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்கிறது. முஸ்லிம்களுக்கு 2014-ல் 40, 2017-ல் 48. இதை மட்டும் பார்த்தால் வெறுப்பு வேகமாகக் குறைந்ததாகத் தோன்றும். அதே காலத்தில் நாத்திகர்களும் 41-லிருந்து 50-க்குப் போயிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாக் குழுக்களுக்கும் மதிப்பெண் ஏறியிருக்கிறது. ஆகவே ஒற்றை எண்ணைக் காட்டி யாராவது வாதாடினால், மற்ற குழுக்களின் எண்ணையும் கேளுங்கள். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்றும் பாருங்கள். "இஸ்லாமும் முஸ்லிம்களும் நம் வாழ்க்கை முறைக்கு ஒத்துவருமா?" என்று இருந்தால் அந்தப் பதிலால் பயனில்லை, மதத்தை மறுப்பவரும் மனிதரை வெறுப்பவரும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடித்திருப்பார்கள்.