உச்சிக் கிளையில் இலை இல்லை என்றால் ஆஷ் மரத்தை வெட்டணுமா?

மே மாதத்தில் உச்சி மொட்டையாக இருப்பதை மட்டும் வைத்து வெட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தில் பரவலாக வளரும் ஆஷ், மற்ற பெரும்பாலான மரங்கள் துளிர்த்த பிறகுதான் துளிர்க்கும்.

ஆனால் கிளைகளை நுனியிலிருந்து காயவைக்கும் ஆஷ் டைபேக் என்ற பூஞ்சை நோயாகவும் இருக்கலாம். 2012-இல் அது அங்கே முதலில் கண்டறியப்பட்டது. ஜூலையில் பாருங்கள்: இலை கறுத்துத் தொங்குகிறதா, கிளை பிரியும் இடத்தில் பட்டையில் சாய்சதுரமாகப் பழுப்புத் தழும்பு உண்டா? அப்புறம் மரத்தடியில் போன வருடம் உதிர்ந்த கறுத்த இலைக்காம்பைக் கையில் எடுங்கள். குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைக் காளான்கள் முளைத்திருந்தால் பெரும்பாலும் இதே நோய்தான். அவற்றின் வித்துகள்தான் காற்றில் பரவுகின்றன.

நோய் இருந்தாலும் சில மரங்கள் தாங்கி நிற்கும், பாவம், அவசரப்படாதீர்கள். ஆனால் நோய் முற்றிய மரம் சட்டென்று ஒடியும். வீட்டோரமோ சாலையோரமோ என்றால் நீங்களே ஏறாமல் மரம் வெட்டும் நிபுணரை அழையுங்கள். வெட்டத் தடை உள்ள மரமா என்று முதலில் உள்ளூர் கவுன்சிலில் (உள்ளாட்சி அலுவலகத்தில்) கேளுங்கள்.